புல் இருந்தும் மீன் இல்லாத மாதங்கள்

கடற்புல் செழித்தால் மீன் பெருகும், கருகினால் மீன் போய்விடும் என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் சரி. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஈல்கிராஸ் என்னும் கடற்புல் வளர்ந்த பரப்பையும் பக்கத்து வெற்றுத் தரையையும் ஒப்பிட்டு ராபர்ட் ஆர்த், கென்னத் ஹெக் இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், புல்லுக்குள்தான் மீன்கள் அதிகம் கிடைத்தன. இது இடத்துக்கு இடம் காணும் வேறுபாடு. மாதத்துக்கு மாதம் மீன் மாறுவதற்கும் இதையே காரணமாகச் சொன்னால் கணக்கு இடிக்கிறது. அங்கே ஈல்கிராஸ் அடர்ந்து நிற்பது கோடையின் தொடக்கத்தில். ஜூலை, ஆகஸ்டில் நீர் சூடேறியதும் இலைகள் உதிர்ந்து புல் மெலியும். செப்டம்பருக்குப் பின் நீர் குளிரக் குளிர மறுபடி துளிர்க்கும். மீன்கள் விரிகுடாவை விட்டு வெளியேறுவதும் சரியாக அந்தத் துளிர்ப்புக் காலத்தில்தான்! குளிர்காலத்தில் புல் பச்சையாகவே நிற்கும். மீன் மட்டும் அரிதாகிவிடும்.

மீன்களை நடத்துவது அவற்றின் முட்டையிடும் காலமும் நீரின் வெப்பமும். அந்த ஆய்வில் பிடிபட்டவற்றில் பாதிக்கு மேல் ஸ்பாட் என்ற ஒரே இனம். நம் கத்தாழை மீன்களின் குடும்பம். அது குளிர்காலத்தில் வெளிக்கடலில் முட்டையிடும்; குஞ்சுகள் வசந்தத்தில் விரிகுடாவுக்குள் வந்து இலையுதிர்காலத்தில் திரும்பிவிடும். அதே குடும்பத்து சில்வர் பெர்ச் கோடைத் தொடக்கத்தில் முட்டையிடுவதால், அதன் குஞ்சுகள் புல் மெலிந்த ஆகஸ்டிலும் அங்கே வளர்கின்றன. ஆண்டு முழுதும் புல்லோடு ஒட்டி வாழ்வதாக நாம் நினைக்கும் குழல்மீன்கூடக் குளிரில் ஆழத்துக்கு இறங்கிவிடும். குளிர்காலப் புல் கட்டையாக இருப்பதால்தான் மீன் போகிறது என்று வாதிடலாம். ஆகஸ்டில் மெலிந்த புல்லில் குஞ்சுகள் இருப்பதை அந்த வாதம் விளக்காது.

அப்படியானால் புல் அழிந்தாலும் கவலையில்லையா என்று கேட்பவர்களுக்கு அந்த 1980ஆம் ஆண்டு ஒப்பீடே பதில்: வந்து சேரும் குஞ்சுகள் அதிகம் தங்குவது புல்லில்தான். ஆனால் இழப்பை அளக்க ஜூனையும் ஜனவரியையும் ஒப்பிடுவது வீண்வேலை. இந்த ஜூனுக்கு எதிரே போன ஜூனை வைக்க வேண்டும். 2005 கோடையின் கடும் வெப்பத்தில் செசபீக்கின் தென்பகுதியில் ஈல்கிராஸ் பெருமளவு மடிந்தது. வழக்கமான ஆகஸ்ட் மெலிவைத் தாண்டிய அழிவு அது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், முந்தைய ஆண்டுகளின் பதிவுகள் கையில் இருந்ததுதான்.