பொய்ம்முகமும் மெய்ம்முகமும்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. மகிழ்ச்சியால் மலர்வதும் துயரால் வாடுவதும் முகமே. ஆதலால், முகம் சிதைந்தவன் தன்னையே இழந்தவன்போல் வருந்துகிறான். அகத்திலே ஆறாப் புண் கொண்டவனோ, முகம் பழுதின்றி இருந்தும் வருந்துகிறான். இவ்விருவர்க்கும் துணைநின்ற கலை ஒன்று உண்டு. முகமூடி செய்தலே அக்கலை.

1914ஆம் ஆண்டு தொடங்கி 1918ஆம் ஆண்டில் முடிந்த முதல் உலகப் போரில், வீரர்கள் நிலத்தில் அகழ்ந்த நீண்ட குழிகளில் நின்று போரிட்டனர். உடலைக் குழி காத்தது. வெளியே எட்டிப் பார்த்த தலைக்கோ காவல் இல்லை. மூக்கும் தாடையும் கண்ணும் இழந்தோர் பல்லாயிரவர். மருத்துவர்கள் அவர்தம் உயிரைக் காத்தனர். ஆயினும், பழைய முகத்தை எல்லோர்க்கும் மீட்டுத்தர அவர்களால் இயலவில்லை. முகம் சிதைந்தோர் தங்கிய மருத்துவ விடுதிகளிலிருந்து நிலைக்கண்ணாடிகளை அகற்றினர் என்றால், அவ்வீரர்களின் மனநிலையை என்னென்று உரைப்பது!

இலண்டன் மாநகரின் வாண்ட்சுவொர்த் பகுதியில் இருந்த போர் மருத்துவமனையில் பிரான்சிஸ் டெர்வெண்ட் வுட் என்னும் சிற்பி பணிபுரிந்தார். சிற்பக் கலையால் இவர்களுக்கு உதவலாமே என்று எண்ணிய அவர், முகமூடி செய்யத் தொடங்கினார். அவர் முறையைக் கற்ற அமெரிக்கச் சிற்பி அன்னா கோல்மன் லாட் அம்மையார், 1918ஆம் ஆண்டில் பாரிசு நகரில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவோடு ஒரு கலைக்கூடம் அமைத்தார்.

அங்கே, புண் ஆறிய முகத்தின்மீது சாந்து பூசி அச்செடுத்தனர். வீரனின் பழைய நிழற்படத்தைப் பார்த்து, இழந்த உறுப்பை வடித்தனர். பின்னர் அவ்வடிவையே மெல்லிய செப்புத் தகட்டில் அமைத்தனர். வீரன் அதை அணிந்திருக்கும்போதே அவனது தோலின் நிறத்திற்கேற்ப வண்ணம் தீட்டினர். மூக்குக்கண்ணாடியின் பிடி அதனை முகத்தில் நிலைநிறுத்தியது. அக்கூடத்தில் மலர்கள் இருந்தன, இன்சொல் இருந்தது, வந்தவரை வெறித்து நோக்கும் கண்கள் இல்லை. செப்பு முகம் சிரிக்காது. சில ஆண்டுகளில் வண்ணமும் தேயும். எனினும், அது வீரனுக்குத் தெருவிலே தலைநிமிர்ந்து நடக்கும் துணிவைத் தந்தது.

முகப்புண்ணை மூடிவிடலாம். அகப்புண்ணை மூடினால் ஆறுமோ? மூட மூட அது உள்ளே வளரும் அன்றோ?

அமெரிக்காவின் பெத்தெஸ்டா நகரில், பின்னர் வால்ட்டர் ரீடு இராணுவ மருத்துவ வளாகம் எனப் பெயர்பெற்ற இடத்தில், 2010ஆம் ஆண்டில் ஒரு சிறப்பு மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் மூளையும் மனமும் தாக்குண்டு திரும்பிய வீரர்கள் அங்கே வந்தனர். பலருக்கு உறக்கம் இல்லை. வெடியோசை செவியை விட்டு நீங்கவில்லை. மனைவி மக்களிடமும் மனம்விட்டுப் பேச நா எழவில்லை. பேரச்சம் தந்த நினைவுகள், சொல்லாக அன்றிக் காட்சியாகவும் ஓசையாகவுமே உள்ளத்தில் தங்கிவிடுவது உண்டு. ஆகவே, கலைவழி மருத்துவம் பயின்ற மெலிசா வாக்கர் அம்மையார், எழுத்தும் ஓவியமும் இல்லாத வெறும் முகமூடியை அவர்கள் கையிலே தந்தார். “உள்ளத்தில் உள்ளதை இதில் காட்டலாம்” என்பதே அப்பணியின் கருத்து.

வீரருள் ஒருவர் தைக்கப்பட்ட வாயை அமைத்தார். ஒருவர் முகத்தை இரு கூறாகப் பிளந்து காட்டினார். ஒருவர் எலும்பு முகத்தைத் தீட்டினார். அழகு இன்மை அங்கே குற்றம் அன்று. உள்ளே உருவமின்றி வருத்திய துன்பம், வெளியே கையில் ஏந்தத்தக்க பொருளாயிற்று. கையில் ஏந்தியதைப் பிறர்க்குக் காட்டலாம். காட்டியதைப் பற்றிப் பேசலாம். இங்ஙனம் பேச்சிழந்தோர் சிலர் பேசத் தொடங்கினர். 370 வீரர்கள் செய்த முகமூடிகளை அறிஞர்கள் ஆராய்ந்து, 2017ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கலை மட்டுமே நோயைத் தீர்க்கும் என்று எண்ணுதல் தவறு. தக்க மருத்துவமும் அன்புடையார் துணையும் உடன் வேண்டும்.

பாரிசில் செய்த முகமூடி புண்ணை மறைத்து வீரனை உலகத்தோடு சேர்த்தது. பெத்தெஸ்டாவில் செய்த முகமூடியோ புண்ணைக் காட்டி அவனை உலகத்தோடு சேர்த்தது. பொய்ம்முகம் மெய்ம்முகத்தைக் காட்டும் விந்தை இதுவே.

மாணவர்களே! நும் தோழருள் ஒருவன் துயருற்றுப் பேசாதிருப்பின், பேசுமாறு அவனை வருத்தாதீர். அருகில் அமர்க. அவன் தீட்டும் ஓவியத்தையும் வனையும் பொம்மையையும் பொறுமையோடு காண்க. சொல்லால் சொல்ல இயலாததை அவன் கை சொல்லக்கூடும்.