‘புதுசு’ என்று எழுதும் முன்...

ஒர்க் ஷாப்பில் நாம் செய்யும் ஜாபை அளந்து, எத்தனை மி.மீ. பிசகு என்று ரெக்கார்டில் எழுதுகிறோம். ஒரு பொருளை விற்கும்போதும் இந்தப் பழக்கம் வேண்டும். இதற்கு மடக்குக்கத்தியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரான்சுக்குப் போய்வந்தவர்கள் கொடுத்த மடக்குக்கத்தி இன்றும் எங்கள் அம்பகரத்தூர் பக்கம் சில வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும். 1890-இல் பிரான்சின் சவோய் பகுதியில் தோன்றிய ஓப்பினெல் போன்ற கத்திகளைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் உண்டு. பெட்டியை விட்டு எடுக்காத கத்தி என்றால் விலை கூடும். சிக்கலே அங்கேதான். பயன்படுத்தாதது வேறு, பழுதில்லாதது வேறு!

கார்பன் எஃகில் துருவைத் தடுக்கும் குரோமியம் போதாது. துருப்பிடிக்காத எஃகில் அது குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரமும் உண்டு, உப்பும் உண்டு. எனவே சும்மா கிடந்தாலும் கார்பன் எஃகு துருப்பிடிக்கும். ஆகவே விற்கும் முன் பார்க்க வேண்டியவை:

1. அலகில் துருப்புள்ளி, குழி.
2. விரித்துப் பிடித்தால் பக்கவாட்டில் ஆட்டம்.
3. பூட்டு இறுக நிற்கிறதா?
4. மரப்பிடியில் வெடிப்பு, ஈரத்தில் ஊறிய உப்பல்.
5. சாணை பிடித்த தடம். எமரித் தாளால் துருவைத் தேய்த்தால் கம்பெனி முத்திரையும் மங்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? பிரெஞ்சு சிவில் சட்டம் 1641-ஆம் பிரிவு, மறைந்திருக்கும் பழுதுக்கு விற்பவரே பொறுப்பு என்கிறது. வெளிப்படையாகத் தெரியும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்கிறது 1642. இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம் (1930) 15-ஆம் பிரிவுப்படி, வர்ணனையை வைத்து விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். ஏமாற்றும் எண்ணத்தோடு தெரிந்த உண்மையை மறைப்பது மோசடி என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவு. தபாலில் வாங்குகிறவர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. நாம் எழுதுகிற நாலு வரிதான் அவருக்குக் கண்!

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா பட்டறையில் அரிவாள் அடிக்கிறார். அடிக்கும்போது கீறல் விட்ட அரிவாளை விற்காமல் தனியே போட்டுவிடுவார். “தேச்சு மறைச்சிடலாம்டா தம்பி. ஆனா அறுப்பு நடுவுல ஒடிஞ்சா எவன் கையில விழும்?” என்பார். பூட்டு தளர்ந்த மடக்குக்கத்தியும் அப்படித்தான். வேலை நடுவே மடங்கினால் போவது விரல். ஆகவே இது விலை மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

சரி, எப்படி எழுதுவது? இதோ மாதிரி: “பயன்படுத்தாதது. சாணை பிடிக்கவில்லை. அலகின் இடப்பக்கம், பிடியிலிருந்து 12 மி.மீ. தள்ளி, 2 மி.மீ. துருப்புள்ளி ஒன்று. ஆட்டம் இல்லை. பூட்டு இறுக்கம்.” குறையை முதலில் சொன்னால் பத்து ரூபாய் குறையலாம். ஆனால் மீதி வரிகளை வாங்குபவர் நம்புவார்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் கடை வைப்போம், சிலர் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்போம். வெர்னியர் காட்டும் அளவையே எழுதுவோம். அதுவே நம் டிப்ளமோவுக்கு மதிப்பு!