இடமும் ஒரு சாட்சி: வங்கி மோசடியும் எமது கைத்தொலைபேசியும்

கணக்கியலில் ஆரம்பத்திலேயே கற்பிக்கப்படும் பாடங்களில் ஒன்று வங்கி இணக்கக் கூற்று. எமது காசேடு ஒன்று, வங்கி தரும் கூற்று மற்றொன்று. இரண்டையும் வெவ்வேறு கைகள் எழுதுவதால் ஒன்றின் பிழையை மற்றது காட்டிக்கொடுக்கும். இன்று அட்டை மோசடியைக் கண்டறியவும் இதே முறைதான் உதவுகிறது. இங்கே இரண்டாவது ஏடு, நாம் இருக்கும் இடம்.

உதாரணமாக, காலை 10 மணிக்கு ஒருவர் பாட்டனி டவுன்ஸில் கடனட்டையால் மரக்கறி வாங்குகிறார். மூன்று மணித்தியாலம் கழித்து அதே அட்டை சிங்கப்பூரில் ஒரு கடையில் உரசப்படுகிறது. ஒக்லாந்திலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 8,400 கிலோமீற்றர். விமானத்திலேயே பத்து மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். ஆகவே இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்பதை அவருடைய கைத்தொலைபேசி நிற்கும் இடம் காட்டும். 2015 இல் வீசா நிறுவனம் இத்தகைய ஒரு சேவையை அறிவித்தது. வாடிக்கையாளர் சம்மதித்தால் மட்டும், அட்டை பயன்பட்ட இடத்தையும் தொலைபேசி இருக்கும் இடத்தையும் ஒப்பிடுவது அதன் வழி. முகநூலில் நாம் இடும் இடக்குறிப்பும் இவ்வாறே சாட்சியாகலாம்.

ஆயினும் இந்தச் சாட்சியை முழுமையாக நம்ப முடியாது. நல்லூர்த் தேரன்று எடுத்த படத்தை இங்கு திரும்பிய பின் முகநூலில் இட்டால், நாம் யாழ்ப்பாணத்தில் நிற்பதாகவே அது சொல்லும். எனவே இடக்குறிப்பு விசாரிக்கக் காரணமாகலாம், தீர்ப்பாகாது.

அதைவிட முக்கியமானது, இந்தச் சாட்சி கள்வனுக்கும் பேசும். குடும்பமே ஊருக்குப் போயிருக்கிறது என்று எழுதினால் வீடு பூட்டிக் கிடப்பது ஊருக்கே தெரியும். “அப்பா, பணப்பையைத் தொலைத்துவிட்டேன், உடனே காசு அனுப்புங்கள்” என்று பிள்ளையின் பெயரில் செய்தி அனுப்புபவனுக்கும் பிள்ளை எங்கே நிற்கிறான் என்ற விபரம் வேண்டும். பெற்றோர் ஏமாந்து தாமே பணத்தை அனுப்பினால், அவர்களுடைய தொலைபேசி வீட்டிலேயே இருக்கும். இடத்தில் எந்த முரண்பாடும் தெரியாது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. பயணப் படங்களைத் திரும்பி வந்த பின் இடுவோம். பிள்ளைகளுக்கும் சொல்லுவோம்.

2. எந்தெந்தச் செயலிகளுக்கு இருப்பிடத்தைப் பார்க்க அனுமதி கொடுத்துள்ளோம் என்று பார்த்து, தேவையற்றவற்றை நிறுத்துவோம்.

3. அவசரமாகக் காசு கேட்டு வரும் செய்திக்குப் பதில் எழுதாமல், தெரிந்த இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேட்போம்.

4. நியூசிலாந்து வங்கிகள் 2024 நவம்பர் முதல் படிப்படியாக அறிமுகப்படுத்திய முறைப்படி, பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரும் கணக்கிலக்கமும் பொருந்துகின்றனவா என்று திரையில் காட்டப்படும். பொருந்தாவிட்டால் நிறுத்துவோம்.

5. சந்தேகம் எழுந்தால் அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு உடனே அழைப்போம்.

இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும். 2020 ஆம் ஆண்டின் அந்தரங்கச் சட்டப்படி, ஒரு நிறுவனம் எம்மைப் பற்றி வைத்திருக்கும் விபரங்களைக் கேட்டுப் பார்க்க எமக்கு உரிமை உண்டு. எங்கே இருக்கிறோம் என்பதை வெளியிடவே அஞ்சி வாழ்ந்த குடும்பங்கள் எம்மிடையே பல. இருப்பிடமும் ஒரு சொத்து என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பணத்தைப் போலவே அதையும் தேவையறிந்து, ஆளறிந்து கொடுப்போம்.