ஊருக்குக் கிளம்பும் முன் நாய்க்கு ஒரு வழி பண்ணு!

தங்கச்சி, ரயில் டிக்கெட் போட்டாச்சு, ரூம் போட்டாச்சு, பெட்டியும் பாதி அடுக்கியாச்சு. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது போன் போட்டு, "அக்கா, டாமியை எங்கே விடறது?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வராதா? நாய் இருக்கிற வீட்டில் முதலில் நாய்க்கு இடம் பார்க்கணும், அப்புறம்தான் நமக்கு டிக்கெட். இந்த வரிசையை மாற்றினால் அவசரத்தில் கிடைத்த இடத்தில் விட்டுவிட்டு, போன இடத்தில் நிம்மதி இல்லாமல் உட்கார்ந்திருப்பாய்.

ஏப்ரல், மே லீவு, ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் என்று ஊரே ஒன்றாகக் கிளம்புகிற நாட்களில், நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற நல்ல போர்டிங்கில் இடம் முதலிலேயே நிரம்பிவிடும். உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், தெரியும். கீழே சொல்வதை மட்டும் ஒழுங்காகச் செய், போதும்.

இதையெல்லாம் செய்யவே செய்யாதே

- சோறும் தண்ணியும் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதே. ஒரு ராத்திரிதானே என்று நினைக்காதே. வைத்த சோறு நம் ஊர் வெயிலுக்குச் சில மணி நேரத்தில் ஊசிப் போகும். தண்ணிப் பாத்திரத்தைக் காலால் தட்டிவிட்டால் அப்புறம் அதற்கு ஒரு வாய்த் தண்ணி கொடுக்க ஆள் கிடையாது.
- மொட்டை மாடியிலோ கேட் பக்கத்திலோ கட்டிப் போடாதே. மே மாதத் தரை பாதத்தைப் பொசுக்கிவிடும். பக், ஷிட்சூ மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சு வாங்கி, வெயில் தாக்கி, உயிருக்கே ஆபத்தாகும்.
- "தெருவுக்குப் பழகினதுதானே" என்று அவிழ்த்து விடாதே. வளர்க்கிற பிராணிக்குப் போதிய சாப்பாடு, தண்ணி, இருக்க இடம் கொடுக்காததும், அதைக் கைவிடுவதும் 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடு, வீட்டு நாய்க்குத் தெரு நாய்க் கூட்டத்தோடு சண்டை போடத் தெரியாது.
- கேட்காமலே ஒருத்தர் தலையில் கட்டாதே. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு நாய் என்றால் பயமாக இருக்கலாம், சொல்லத் தயங்குவார். முதலிலேயே கேள். ஒத்துக்கொண்டால் அதற்குத் தனியாகப் பணம் கொடு. அதுவும் வேலைதான்.

உன் நாய்க்கு எது ஒத்துவரும்?

பக்கத்து வீட்டு லாப்ரடாருக்குச் சரியாக இருந்த இடம் உன் நாய்க்கும் சரியாக இருக்கும் என்று நினைக்காதே. குணம் பார்த்து முடிவு செய்.

1. வீட்டிலேயே ஆள் வைப்பது: வயசான நாய், தினமும் மாத்திரை சாப்பிடுகிற நாய், புது ஆளை நம்பாத நாய் இவற்றுக்கு இதுதான் நல்லது. ராஜபாளையம், கோம்பை மாதிரி நம் நாட்டு நாய்கள் காவலுக்கே பேர் போனவை. அந்நியரை லேசில் அண்டவிடாது. இப்படிப்பட்ட நாய் என்றால், பார்த்துக்கொள்ளப் போகிறவர் நீ இருக்கும்போதே பல தடவை வந்து, தன் கையால் சோறு வைத்துப் பழகியிருக்க வேண்டும். காலையும் மாலையும் தலைகாட்டினால் மட்டும் போதாது, ராத்திரி வீட்டில் தங்கணும்.
2. தெரிந்தவர் வீட்டில் விடுவது: செலவு குறைவு, பாசமும் இருக்கும். ஆனால் அங்கே சின்னக் குழந்தை இருக்கிறதா, பூனை இருக்கிறதா, கேட் சரியாகச் சாத்துமா என்று பார். எல்லாரும் வேலைக்குப் போகிற வீடென்றால் வேண்டாம்.
3. போர்டிங்: நாலு நாயோடு கலந்து பழகுகிற, தடுப்பூசி எல்லாம் முடித்த நாய்க்கு ஒத்துவரும். நாலு மாதம் நிறையாத குட்டியை விடாதே. ஊசி முழுசாக முடியாத குட்டிக்குப் பார்வோ வைரஸ் நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம். பெண் நாய் ஹீட்டுக்கு வருகிற சமயமா என்றும் கணக்குப் பார். அது மூன்று வாரம் வரை நீடிக்கும், நிறைய போர்டிங்கில் அப்போது எடுக்க மாட்டார்கள்.
4. கூடவே கூட்டிப் போவது: ரயிலில் நாயை உன்னோடு வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூபேயோ நாலு பேர் கேபினோ முழுசாக உனக்குக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வேனில் இருக்கிற நாய்க் கூண்டுதான். வெயில் காலத்தில் அதில் ஏற்றாதே. போகிற இடத்தில் கோயிலும் கல்யாண மண்டபமும்தான் என்றால் நாயைக் கூட்டிப் போவதில் அர்த்தமே இல்லை.

ஒரு மாதம் முன்னால்

- தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார். ரேபிஸ் ஊசியும், டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ எல்லாம் சேர்ந்த ஊசியும் தேதி தாண்டாமல் இருக்கணும். போர்டிங்கில் விடுவதாக இருந்தால் கென்னல் காஃப் என்கிற இருமலுக்கான தடுப்பு மருந்தைப் பற்றியும் டாக்டரிடம் கேள். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் ஊசி போட்டுக் கொண்டுபோய் விடாதே. உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரமாவது வேண்டும். தீபாவளி சமயம் நமக்கு மழைக்காலம், லெப்டோ எலி மூத்திரத்தால் தேங்கின தண்ணியில் பரவும். அந்த ஊசியை விட்டுவிடாதே.
- உண்ணி மருந்து. மாத்திரையோ முதுகில் விடுகிற சொட்டு மருந்தோ, எடையைச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்கு. கடையில் கேட்டுக் குத்துமதிப்பாகப் போடாதே.
- சாப்பாட்டை இப்போதே முடிவு செய். வீட்டில் தயிர்ச் சோறு, போர்டிங்கில் டிரை ஃபுட் என்றால் வயிறு கெடும், பேதி போகும். மாற்ற வேண்டியிருந்தால் பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்று.
- ஒரு ராத்திரி விட்டுப் பார். கிளம்பும் முன்பே ஒரு நாள் விடப்போகிற இடத்தில் விட்டு, மறுநாள் கூட்டி வா. திரும்பி வருகிற நாயின் முகமே பாதி சொல்லிவிடும்.

போர்டிங்கை நேரில் போய்ப் பார்

போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் கட்டாதே. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் போய் நில். ராத்திரி நாய் படுக்கிற இடத்தைக் காட்டச் சொல். ஆபீஸ் ரூமைக் காட்டிவிட்டு, உள்ளே விட மாட்டோம் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடு.

உள்ளே போனதும் இதையெல்லாம் பார்:

- வாசலில் மூத்திர நெடி மூக்கைத் துளைக்கிறதா? டெட்டால் வாசனையை மீறி வந்தால் தினமும் கழுவுவதில்லை என்று அர்த்தம்.
- தண்ணிப் பாத்திரத்தில் விரலை விட்டுப் பார். அடியில் வழவழவென்று பாசி இருந்தால், தண்ணியை மாற்றாமல் மேலே மேலே ஊற்றுகிறார்கள்.
- சுவர் இடுக்கைப் பார். உண்ணி நாயின் மேல் மட்டும் இருக்காது, சுவர் விரிசலிலும் ஏறி ஒளிந்துகொள்ளும். அங்கே பழுப்பாகச் சின்னச் சின்னதாக ஊர்ந்தால் வேறு இடம் பார்.
- கேட் இரண்டு இருக்கிறதா? ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்கணும். கேட் திறந்த அந்த ஒரு நொடி போதும், நாய் ஓடித் தொலைந்துவிடும்.
- மதியம் இரண்டு மணிக்கு நாய் எங்கே இருக்கும், ஃபேன் உண்டா, கரண்ட் போனால் என்ன செய்வார்கள் என்று கேள்.
- ராத்திரி யார் தங்குகிறார்கள்? அவர் பேர், நம்பர் வேண்டும். "ஆள் இருப்பாங்க" என்ற பதிலை ஏற்காதே.

உன் தலைக்குள் இருப்பதைத் தாளில் இறக்கு

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நாய்க்கு வாய் பேசத் தெரியாது. நீயும் பக்கத்தில் இல்லை. உனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் உன்னோடு ரயில் ஏறிவிடக் கூடாது. ஒரே ஒரு பக்கம் போதும். இப்படி எழுது:

*பெயர்: டாமி. வயது 6, எடை 18 கிலோ. காலை 8, இரவு 7 சாப்பாடு. ஒரு தடவைக்கு சிவப்பு டம்ளரால் ஒன்று. சாப்பிட்டதும் ஓட விட வேண்டாம். இடது காது அருகே தொட்டால் உறுமும். பட்டாசு, இடி என்றால் கட்டிலுக்கு அடியில் போகும், இழுக்க வேண்டாம். வலிப்பு மாத்திரை காலை 8, இரவு 8, ஒரு வேளையும் விடக் கூடாது. கொடுக்கவே கூடாதவை: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், வெந்த எலும்பு.*

கேசரியிலும் பாயசத்திலும் உலர்திராட்சை இருக்கும். "கொஞ்சம்தானே" என்று ஊட்டிவிடுவார்கள். அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று காரணத்தோடு சொன்னால்தான் கேட்பார்கள். அதே மாதிரி, காய்ச்சல் என்றால் நாம் சாப்பிடுகிற பாராசிட்டமாலையோ ஐபுபுரூஃபனையோ கொடுக்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுது.

தாளின் கீழே மூன்று நம்பர்: உன்னுடையது, நாயின் டாக்டருடையது, உள்ளூரில் இருக்கிற ஒரு சொந்தக்காரருடையது. மலைப்பக்கம் போயிருந்தால் உனக்கு சிக்னல் இல்லாமல் போகலாம். அப்போது முடிவெடுக்க ஒருத்தர் வேண்டும். "அவசரமென்றால் என்னைக் கேட்காமலே சிகிச்சை கொடுங்கள், செலவை நான் கொடுக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கொஞ்சம் பணமும் முன்னதாக அனுப்பி வை. ராத்திரியில் திறந்திருக்கிற பிராணிகள் ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து அதையும் எழுது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கம் என்றால் அங்கங்கே இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய இடங்கள். எந்த நேரம் வரை பார்ப்பார்கள் என்று முன்பே போனில் கேட்டுக்கொள்.

பையில் வைக்க வேண்டியது

- போகிற நாளுக்கு மேல் இரண்டு நாளைக்குச் சேர்த்து உணவும் மாத்திரையும். ரயில் லேட்டாகும், மழை வரும்.
- தடுப்பூசி அட்டையின் நகல். சென்னைவாசி என்றால் மாநகராட்சி உரிமத்தின் நகலும்.
- உன் போன் நம்பர் எழுதின பெல்ட். இரண்டு விரல் நுழைகிற அளவு இறுக்கம் போதும், தளர்வாக இருந்தால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும்.
- நீ உடுத்தித் துவைக்காத பழைய நைட்டி ஒன்று. உன் வாசனை இருந்தால் தூங்கும். புதுப் படுக்கை வாங்கிக் காசைக் கரைக்காதே.

கிளம்புகிற அன்றைக்கு

வீட்டு வாசலில் கட்டிப்பிடித்து அழாதே. நீ அழுதால் அது மிரளும். வயிறு முட்டச் சோறு போட்டு வண்டியில் ஏற்றாதே, வாந்தி எடுக்கும். நல்லா ஒரு நடை நடத்திவிட்டு, கொண்டுபோய் விட்டு, சாதாரணமாகத் தலையைத் தடவிவிட்டு வந்துவிடு. போன வாரம் எடுத்த போட்டோ இரண்டு உன் போனில் இருக்கட்டும், முகம் ஒன்று, முழு உடம்பு ஒன்று. தொலைந்தால் தேட அதுதான் உதவும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறாய் என்றால் இன்னும் ஒன்று. பட்டாசுச் சத்தத்தில் எப்பேர்ப்பட்ட நாயும் மிரண்டு ஓடலாம். ஜன்னலைச் சாத்தி அறைக்குள் வைத்துக்கொள்கிற இடமாக இருந்தால் மட்டும் விடு.

ஊரில் இருக்கும்போது

மணிக்கொரு தரம் போன் போட்டுப் பார்த்துக்கொள்கிறவரைப் படுத்தாதே. தினமும் ஒரு சின்ன வீடியோ கேள், போதும். போட்டோ என்றால் பழைய படத்தையே திருப்பி அனுப்பலாம், வீடியோவில் நடை, வால், கண் எல்லாம் தெரியும். முதல் நாள் சாப்பிடாமல் முரண்டு பிடிப்பது சகஜம். இரண்டாம் நாளும் வாய் வைக்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல். தொடர்ந்து வாந்தியோ, பேதியில் ரத்தமோ என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, அப்போதே போகணும்.

திரும்பி வந்ததும்

- பாசத்தில் ஒரே வேளையில் அள்ளிப் போடாதே. முதல் நாள் அரை வயிறு போதும்.
- காது மடிப்பு, விரல் இடுக்கு, பெல்ட்டுக்கு அடியில், வால் அடி இந்த நாலு இடத்திலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார். இருந்தால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. விரலால் நசுக்காதே.
- மூன்று வாரம் கவனி. உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது. சோர்வு, சோறு வேண்டாம் என்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், இதில் எது தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை செய். வறட்டு இருமல் வந்தாலும் டாக்டரிடம் காட்டு, "போர்டிங்கில் விட்டிருந்தேன்" என்று சொல்ல மறக்காதே.
- பார்த்துக்கொண்டவர் நல்லபடியாகப் பார்த்திருந்தால் வாய் நிறைய நன்றி சொல், பேசின பணத்தை அன்றைக்கே கொடு. அடுத்த தடவைக்கும் அவர்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று, தங்கச்சி. இவ்வளவும் தேடியும் நம்பிக்கையான ஆளோ இடமோ அமையவில்லை என்றால், டிக்கெட்டை மாற்று. இல்லாவிட்டால் வீட்டில் ஒருத்தர் தங்குங்கள், அடுத்த தடவை அவர் போகட்டும். சுற்றுலா அடுத்த மாதமும் போகலாம். அடுத்த லீவு எப்போது என்று காலண்டரைப் பார், இன்றைக்கே அந்தத் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்துவிடு.