பழைய காருக்கு வாங்கிய புதுச் சாமான் பழுதானால் யார் பொறுப்பு?

கேள்வி: 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்றை வாங்கித் திருத்தி வருகிறேன். பிரேக் மாஸ்டர் சிலிண்டரை, பிரான்சில் பழைய கார் உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்றில் இணையம் வழியாக எடுத்தேன். 'புதிதாகச் செய்யப்பட்டது, முதல்தரம்' என்று போட்டிருந்தார்கள். கராஜில் கொடுத்துப் பூட்டினேன். ஐந்தாம் மாதமே ஒயில் கசிகிறது. 'பழைய கார்ச் சாமானுக்கு உத்தரவாதம் இல்லை, பற்றுச்சீட்டில் எழுதியிருக்கிறதே' என்கிறார் கடைக்காரர். சாமான் விலையைவிடப் பூட்டுக்கூலிதான் அதிகம். என்ன செய்யலாம்? இனி நல்ல சாமான் எங்கே எடுப்பது?
— வாசகர், லா கூர்னெவ்

பதில்: பற்றுச்சீட்டில் உள்ள அந்த வரி செல்லாது. கார் 60 வயதைத் தாண்டியது. ஆனால் நீங்கள் வாங்கிய சிலிண்டர் புதிது. பிரெஞ்சு நுகர்வோர் சட்டக்கோவையின் எல் 217-3 முதலான பிரிவுகளின்படி, வியாபாரி ஒருவர் தனிநபருக்கு விற்கும் பொருள், சொல்லி விற்றதற்கு ஒத்ததாக இருக்க வேண்டும். இந்தப் பொறுப்பு கையளித்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு நீடிக்கும். அதற்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. கழற்றி எடுத்த பழைய சாமானாக இருந்திருந்தால், அந்த அனுமானம் 12 மாதத்தோடு முடியும். இந்த உரிமையைப் பறிக்கும் வாசகத்தைப் பற்றுச்சீட்டில் அச்சடித்தாலும் சட்டம் அதை எழுதாததாகவே எடுத்துக்கொள்ளும்.

பூட்டுக்கூலி விடயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே, சட்டகத்துக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டுகளை உருவவிடாமல் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். சின்னச் சாமான், ஆனால் நீண்ட வேலை. கடைக்காரர் 'வேறொன்று அனுப்புகிறேன்' என்று சொல்வதோடு விடயம் முடியாது. மாற்றித் தருவது என்றால், தேவைப்படும் இடத்தில் குறையுள்ள பாகத்தைக் கழற்றுவதும் புதியதைப் பூட்டுவதும் அதற்குள் அடக்கம் என்று எல் 217-10 சொல்கிறது. இவை எல்லாம் உங்களுக்குச் செலவில்லாமல், கேட்டதிலிருந்து 30 நாட்களுக்குள் நடக்க வேண்டும். தவறினால் விலையைக் குறைக்கவோ விற்பனையை முறிக்கவோ கேட்கலாம். நட்டஈடும் தனியாகக் கோரலாம்.

அவர் அடுத்துச் சொல்லப்போவது, 'கராஜ்காரன் பிழையாகப் பூட்டியிருப்பான்' என்பது. இது வெறும் சாட்டு அல்ல. அவர் பூட்டாத சாமானில் பூட்டிய பிழைக்கு அவர் பொறுப்பில்லை. கராஜ்காரரோ, 'நீங்கள் கொண்டுவந்த சாமான்தானே' என்பார். ஆகவே இருவருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். ஒருவர் மற்றவரைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்க இடம் வைக்காதீர்கள். ஒரு நிபுணரின் அறிக்கையும் தேவைப்படும். ஆனால் ஒரு தரப்பு மட்டும் கேட்டுப் பெற்ற அறிக்கையை மாத்திரம் ஆதாரமாக வைத்துத் தீர்ப்பெழுத முடியாது என்று 2012 செப்டம்பர் 28இல் கசாசியோன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிபுணர் பார்க்கும் நாளுக்கு இருவரையும் ரெக்கொமாந்தே (பதிவுத்தபால்) கடிதத்தில் அழையுங்கள். கூடவே படம், கராஜ் பற்றுச்சீட்டு, கடையின் விளம்பரப் பக்கத்தின் பிரதி ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். 'முதல்தரம்' என்ற அந்தச் சொல் இன்றோ நாளையோ பக்கத்திலிருந்து காணாமல் போகலாம்.

இனி எங்கே வாங்குவது? யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இதே மொரிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைக்காத சாமானைப் பட்டறைகள் கடைந்து கொடுத்தன. அங்கே கைவேலையை நம்பலாம், ஆளைத் தெரியும். இங்கே முகம் தெரியாதவரிடம் வாங்குகிறோம், எனவே விற்பவர் யார் என்பதே முதல் கேள்வி. தனிநபரிடம் வாங்கினால் 14 நாள் திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை. மேலே சொன்ன 2 ஆண்டுப் பொறுப்பும் இல்லை. குடியியல் சட்டக்கோவையின் 1641ஆம் பிரிவு, மறைந்திருந்த குறைக்கு வழிவிடுகிறது. கண்டுபிடித்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். குறை விற்கும்போதே இருந்தது என்று நிரூபிப்பது உங்கள் தலையில். குறையை அறியாத தனிநபர், அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் விலக்கவும் முடியும். ஆனால் 'ஒரிஜினல் சாமான்' என்று எழுதிவிட்டு நகலை அனுப்பினால் அது வேறு கதை: சொன்ன பொருளையே கொடுக்கவில்லை என்று 1604ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். தனிநபர் என்று போட்டுக்கொண்டு மாதா மாதம் சாமான் விற்பவரை நீதிமன்றம் வியாபாரியாகவே பார்க்கக்கூடும்.

'அருமையான சாமான் தனிநபர் கையில்தானே கிடைக்கிறது, இதையெல்லாம் பார்த்தால் கார் ஓடுமா?' என்று கேட்பீர்கள். கதவுப் பிடி, மணிக்கூட்டுப் பலகை போன்றவற்றுக்கு அந்த வாதம் சரி. பிரேக், ஸ்டியரிங் என்றால் வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள் என்பதே என் கருத்து. இங்கிலாந்துக் கடைகளில் மைனர் சாமான் தாராளம். ஆனால் 2021 ஜனவரி முதல் அங்கிருந்து வரும் பொதிக்கு இங்கே 20 சதவீத வற் வரி உண்டு. பிரான்சுக்கு விற்கும் கடைமேல் இங்கேயே வழக்குப் போடலாம். தீர்ப்பை அங்கே நிறைவேற்றுவது இன்னொரு போராட்டம்.

உங்கள் கோரிக்கை 5,000 யூரோவுக்குள் என்றால், நீதிமன்றம் போகுமுன் சமரச முயற்சி கட்டாயம். சமரசம் செய்துவைக்கும் கொன்சிலியாத்தரின் சேவை இலவசம், அவரை எங்கே சந்திக்கலாம் என்று மெரியில் (நகரசபையில்) கேளுங்கள். அங்கே முடியாவிட்டால் வழக்குத்தான். 10,000 யூரோவரை அவொக்கா (வழக்கறிஞர்) வைப்பது கட்டாயமில்லை. பிரேக் திருத்தப்படும்வரை காரை எடுக்காதீர்கள். கழற்றும் சிலிண்டரைக் கராஜ்காரர் எறிந்துவிடாமல் கேட்டு வாங்கி வைத்திருங்கள். அதைப் பார்க்காமல் எந்த நிபுணரும் அறிக்கை எழுத மாட்டார்.