பாஸ்குத் திருநாளின் வழக்கங்கள் எங்கிருந்து வந்தன?

"முட்டைக்கும் இயேசு பெருமானின் உயிர்ப்புக்கும் என்ன தொடர்பு?" என்று மன்றத் தோழர் ஒருவர் கேட்டார். உடனிருந்த மற்றொருவர், "எல்லாம் வெள்ளைக்காரன் தன் பழைய தெய்வத்திடமிருந்து பெற்றவை, நம்மவர் அவனைப் பார்த்து எடுத்துக்கொண்டனர்" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிட்டார். கோலார் தங்கவயலில் வளர்ந்த எனக்கு அத்தீர்ப்பு பொருந்துவதாகத் தோன்றவில்லை.

முதலில் பெயரைக் காண்போம். ஈஸ்டர் என்பது ஆங்கிலப் பெயர். தங்கவயலின் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் பெரியவர்கள் சொல்வது 'பாஸ்கு'. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைந்து யூதர் கொண்டாடும் 'பெசாக்' விழாவின் பெயரே கிரேக்கத்தில் 'பாஸ்கா' ஆகி, நம்மிடையே பாஸ்கு எனவும் பஸ்கா எனவும் வழங்குகிறது. மூலத்துக்கு அருகில் நிற்பது ஆங்கிலச் சொல் அன்று, நம் பாட்டிமார் வாயில் வழங்கும் சொல்லே.

பழைய தெய்வம் என்ற கதையும் ஆங்கிலப் பெயரை ஒட்டியே எழுந்தது. கி.பி. 725-இல் பீட் என்னும் ஆங்கிலத் துறவி காலக்கணக்கு பற்றி எழுதிய நூலில், ஈயோஸ்டர் என்ற தேவதையின் பெயரால் ஒரு மாதம் வழங்கியதாகக் கூறுகிறார். அவரைத் தவிர வேறு பழைய நூலார் எவரும் அவளைக் குறிப்பிடவில்லை. முட்டையையும் முயலையும் அவளுடன் இணைத்தது 19-ஆம் நூற்றாண்டு அறிஞரின் ஊகம். விழாவோ பீட் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. இளவேனிற் சம இரவு நாளுக்குப் பின்வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்று அதன் நாளைக் கணக்கிடும் முறை, 325-இல் கூடிய நைசியாச் சங்கத்தை ஒட்டி நிலைபெற்றது. அதனால்தான் நம் பங்குனி உத்திரமும் பாஸ்கும் பல ஆண்டுகளில் அடுத்தடுத்து வருகின்றன.

இனி முட்டை. இடைக்கால ஐரோப்பாவில் தபசுகாலத்தின் 40 நாளும் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிக்கு நோன்பு ஏது? அது இட்டுக்கொண்டேதான் இருந்தது. சேர்ந்துபோன முட்டைகளை நோன்பு முடிந்த அன்று உண்டனர், சாயமிட்டுப் பரிசளித்தனர். 1290-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைக்கு 18 பென்சு செலவு எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் சிலவற்றுக்குப் பொன் ரேக்கு ஒட்டினார்களாம்! முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றிய செய்தி 1682-இல்தான், ஒரு ஜெர்மானிய மருத்துவரின் நூலில் காணப்படுகிறது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் சுரங்கம் நடத்தத் தொடங்கியது. பங்களாக்களில் வாழ்ந்த ஆங்கிலேயரோடு அவர்களுடைய முட்டையும், பெரிய வெள்ளிக்குரிய சிலுவைக்குறி இட்ட பன்னும் வந்தன. வட ஆற்காடு முதலிய இடங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் அவற்றை எடுத்துக்கொண்டார்களா? பெரும்பாலும் இல்லை. அவர்கள் தபசுகாலத்தில் விட்டது கவிச்சி. ஆகவே பாஸ்கு அன்று லைன் வீடுகளில் மணந்தது ஆட்டுக்கறிக் குழம்பு. விடியுமுன் கறிக்கடையில் கூடும் கூட்டமே எங்களுக்குத் திருநாளின் அறிகுறி! ஆங்கிலேயனுக்கு முட்டையைத் தந்த அதே காரணம் நமக்குக் கறியைத் தந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது அன்று. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இப்போது மாரிகுப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், அங்குள்ள பேக்கரிகளில் சர்க்கரை முட்டை வாங்கி வருவதுண்டு. குழந்தைகளுக்கு மகிழ்ச்சிதான். எனினும் கறிக்கடைக் கூட்டம் குறையவில்லை.

நள்ளிரவுத் திருவிழிப்பு இடையறாத பழைமையுடையது என்று பலர் எண்ணுகின்றனர். அதுவும் சரியன்று. ஆதித் திருச்சபையில் இரவில் நடந்த அச்சடங்கு, பின்னர்ப் பல நூற்றாண்டுகள் சனிக்கிழமை காலையிலேயே, பட்டப்பகலில், மெழுகுவர்த்தி ஏற்றி நடத்தப்பட்டது. 1951-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அதை மீண்டும் இரவில் நடத்த இசைந்தார். 1956 முதல் அதுவே எங்கும் விதியாயிற்று.

உண்மையிலேயே பழையது குருத்தோலைதான். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்ற பெண்மணி, குழந்தைகள் பேரீச்ச ஓலையும் ஒலிவக் கிளையும் ஏந்திப் பவனி வந்ததை எழுதியிருக்கிறார். குளிர்நாட்டார் ஓலைக்கு வழியின்றி வில்லோ மரக்கொம்பை ஏந்தினர். நமக்கு அக்குறை இல்லை, தென்னங்குருத்து உண்டு. அதைக் கிழித்துச் சிலுவையாக முடைந்து வீட்டுச் சுவரில் செருகி வைக்கிறோம். மறு ஆண்டு சாம்பல் புதனுக்குமுன் உலர்ந்த ஓலைகளைக் கோயிலில் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலையே குருவானவர் நெற்றியில் இடுகிறார்.