தடையற்ற குளியலறை: தொட்டியின் விளிம்பும் வாசலின் மேடும்

இல்லத்தில் எத்தனை வசதிகள் இருப்பினும், பிறர் துணையின்றிக் குளித்து வர இயலாத ஒருவர் ஒவ்வொரு நாளும் மற்றவர் கையை எதிர்நோக்கி நிற்க வேண்டியவராகிறார். முதுமை, மூட்டு நோய், பக்கவாதம், ஊனம் ஆகியவற்றால் இந்நிலைக்கு உள்ளாவோர் பலர். ஆனால், அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் உடற்குறை மட்டுமன்று. குளிக்கும் இடத்தில் கட்டப்பட்டுள்ள சில அங்குல உயரமும் அவர்களைத் தடுக்கிறது. உடலை மாற்றுவது அரிது. உயரத்தைக் குறைப்பது எளிது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.38 கோடி, மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடி. கீழே விழுவதால் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது. இவர்களுள் முதியோரே மிகுதி. இடுப்பெலும்பு முறிந்த முதியவர் உயிர் பிழைத்தாலும் முன்போல் நடமாடுவார் என்பதற்கு உறுதியில்லை. ஈரமான தரை, குறுகிய இடம், பற்றிக்கொள்ள ஏதுமின்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பதால் வீட்டின் பிற பகுதிகளைவிடக் குளியலறை இடர் மிகுந்ததாகிறது.

கண்ணாடி இழைத் தொட்டி

அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றிலும், விடுதிகளிலும், விருந்தினர் மாளிகைகளிலும் குளியல் தொட்டிகள் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றுள் பல, கண்ணாடி இழையைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து அச்சில் வார்க்கப்பட்டவை. நீர் படும் மேற்பரப்பில் வழவழப்பான பூச்சு ஒன்று இருக்கும். எடை குறைவு, துருப்பிடிக்காமை, எளிதில் வெட்டவும் ஒட்டவும் இயலுதல் ஆகியவை இதன் சிறப்புகள். வார்ப்பிரும்புத் தொட்டியை இவ்வாறு வெட்ட இயலாது.

தொட்டியின் பக்கச் சுவர் பொதுவாக 35 முதல் 50 செ.மீ. வரை உயரமிருக்கும். இதனைக் கடக்க ஒருவர் ஈரக் காலுடன் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தூக்க வேண்டும். உடல் நிலை தடுமாறும் கணம் இதுவே.

எல்லா நிலைகளிலும் தொட்டியை வெட்ட வேண்டுவதில்லை. இரு கால்கள் தொட்டிக்குள்ளும் இரு கால்கள் வெளியிலும் நிற்குமாறு அமைந்த இருக்கைப் பலகை ஒன்று உண்டு. வெளியே அமர்ந்து, பலகையில் நகர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கலாம். வாடகை வீட்டில் வசிப்போருக்கு இதுவே உகந்தது. கால்களைத் தூக்கி விளிம்பைக் கடத்த இயலாதவருக்கே தொட்டியைத் திறக்க வேண்டியுள்ளது.

வெட்டித் திறக்கும் முறை

இம்முறையில் தொட்டியின் பக்கச் சுவரில் 50 முதல் 60 செ.மீ. அகலமுள்ள வழி ஒன்று வெட்டப்படுகிறது. தொட்டியின் அடித்தளம் குளியலறைத் தரையைவிடச் சற்று உயர்ந்திருப்பதாலும், நீர் வெளியே வழியாதிருக்க வேண்டுவதாலும், 10 முதல் 15 செ.மீ. வரையிலான படி எஞ்சும். 40 செ.மீ. தடை 15 செ.மீ. ஆகக் குறைவது, பலருக்கு இயலாமைக்கும் இயலுகைக்கும் இடையிலான வேறுபாடாகும்.

வேலையைத் தொடங்கும் முன், வெட்டும் இடத்தில் குழாயோ மின்கம்பியோ செல்லவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். குறித்த கோட்டின் மீது ஒட்டுநாடாவை ஒட்டி, நுண்பல் இரம்பத்தால் வெட்டினால் மேற்பூச்சு சிதறாது. மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைவாக வெட்ட வேண்டும். கூர்மையான மூலையிலிருந்தே விரிசல் தொடங்கும். கண்ணாடி இழைத் தூசி மூச்சுக்குழலையும் கண்ணையும் தோலையும் உறுத்துமாதலால் முகமூடி, கண்ணாடி, கையுறை ஆகியன இன்றியமையாதவை.

தொட்டியின் உட்சுவருக்கும் வெளிப்பலகைக்கும் இடையில் வெற்றிடம் இருக்கும். வெட்டிய பின் இது வெளிப்படும். கால் வைக்கும் இடம் உடலின் எடையைத் தாங்க வேண்டுமாதலால், நீரில் ஊறிக் கெடாத தாங்குகட்டைகளை உள்ளே செலுத்தி உறுதிப்படுத்த வேண்டும். அதன்மேல் வளைவான மூடியைப் பொருத்தி, பிசினால் ஒட்டி, இணைப்புகளைச் சிலிக்கோன் பசையால் அடைக்க வேண்டும். பசை முற்றும் உலரும்வரை நீர் படலாகாது. மூடியின் மேற்பரப்பும் தொட்டியின் தளமும் வழுக்காத தன்மை பெற வேண்டும்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. இனித் தொட்டியில் நீரை நிரப்பி அமிழ்ந்து குளிக்க இயலாது. தூவாலைக் குளியலுக்கே அது பயன்படும். ஆதலின் நீர் விழும் வேகத்தைவிட வெளியேறும் வேகம் மிகுந்திருத்தல் வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் நீர் புதிய வழியாகவே அறைக்குள் பாயும்.

கைப்பிடிக் கம்பியை மெல்லிய கண்ணாடி இழைப் பலகையில் மட்டும் திருகிப் பொருத்துவது ஆபத்தானது. திருகாணி பலகையைக் கடந்து சுவரில் உறுதியாக ஊன்ற வேண்டும். துணி உலர்த்தும் கம்பியைக் கைப்பிடியாகக் கருதலாகாது. அது துணியின் எடைக்கென அமைந்தது. விழுகின்ற மனிதரைத் தாங்காது.

வாளியும் வாசல் மேடும்

இந்தியாவின் பெரும்பாலான இல்லங்களில் தொட்டி இல்லை. வாளியும் குவளையுமே உள்ளன. ஆயினும் இடர்ப்பாட்டின் இயல்பு ஒன்றே. தொட்டியின் விளிம்புக்கு ஈடாக இங்கு நிற்பது வாசலில் நீரைத் தடுக்கக் கட்டப்பட்ட மேடு. தொட்டிக்குள் குனிவதற்கு ஈடாக இங்கு உள்ளது, தரையிலுள்ள வாளியிலிருந்து நீர் மொள்ளக் குனிவது.

மேட்டை அகற்றினால் நீர் வெளியே வரும் என்ற அச்சம் நியாயமானதே. வாசலின் உட்புறத்தில் குறுக்காக நீர் வாய்க்கால் அமைத்து, அதன்மேல் துளைத் தகடு பதித்து, தரையை உள்நோக்கிச் சற்றே சரித்தால் மேடு தேவையில்லை. வாளியை உறுதியான மேடையில் உயர்த்தி வைத்து, ஏறத்தாழ 45 செ.மீ. உயரமுள்ள, கால் நழுவாத நாற்காலியில் அமர்ந்து குளிக்கலாம். கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடலே உட்புறம் திறக்கும் கதவை அடைத்துவிடும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருத்தல் நலம். வெந்நீர்க் கலத்தின் மின்னிணைப்பில் மின்கசிவுத் தடுப்பி பொருத்தப்பட வேண்டும்.

சட்டமும் இல்லமும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. அணுகல் விதிகளுக்கு இணங்காத கட்டடத் திட்டத்துடன் எந்த நிறுவனமும் கட்டட அனுமதி பெறலாகாது என்று இதன் 44ஆம் பிரிவு கூறுகிறது. ஏற்கனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக்க 45ஆம் பிரிவு பணித்தது. விதிகள் 2017 ஜூன் திங்களில் வெளிவந்தன. அக்கெடு 2022இல் முடிந்தது. அணுகல் நெறிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டிருந்த விதியைச் சட்டத்திற்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அறிவித்து, கட்டாய விதிகளை வகுக்குமாறு ஆணையிட்டது.

இவை யாவும் முதன்மையாகப் பொதுக் கட்டடங்களையும் நிறுவனங்களையும் நோக்கியவை. தனியார் இல்லத்துக் குளியலறைக்குள் சட்டத்தின் கை அத்துணை நீள்வதில்லை. 2017இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் வறிய முதியோருக்குச் சக்கர நாற்காலி போன்ற துணைக் கருவிகளை வழங்குகிறது. பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் கீழ்த்தள வீடுகளை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் முன்னுரிமை அளித்தது. ஆனால், சக்கர நாற்காலிக்கு 90 செ.மீ. வழி வேண்டியிருக்க, பல வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டரை அடியே உள்ளது. கருவி கிடைத்தும் வாசலில் நின்றுவிட்டால், ஒரு திட்டத்தின் பயன் மற்றொரு கட்டடத்தின் குறையால் வீணாகிறது.

எனவே, வீடு கட்டும்போதே இதற்கு வழி காண்பதே சிக்கனமாகும். அகன்ற கதவு, மேடற்ற வாசல், கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் வலிய சுவர் ஆகிய மூன்றையும் வரைபடத்திலேயே சேர்த்தால் கூடுதல் செலவு சிறிதே. கட்டிய பின் இடித்துச் செய்தால் அதுவே பன்மடங்காகும். வரைபடத்தை ஏற்கும் பொறியாளர், வீட்டுத் திட்டத்தை நிறைவேற்றும் அலுவலர், தொழிற்பயிற்சி பெறும் கொத்தர், குழாய்ப் பணியாளர் ஆகியோர் இவ்வளவுகளை அறிந்திருத்தல் வேண்டும். இன்று நலமுடன் உள்ளவரும் நாளை முதுமை எய்துவர். மேடற்ற வாசல் எவருக்கும் இடையூறாவதில்லை. மேடோ என்றேனும் ஒருநாள் அவ்வீட்டாருள் ஒருவரைத் தடுத்து நிறுத்தும்.